வண்டிக்கும் யூரியாவா, கண்ணு?

வா கண்ணு, வா. வண்டிய அந்தப் புளியமரத்தடியில நிறுத்தாதே. காக்கா எச்சம் போட்டுதுன்னா உனக்கு ராத்திரி தூக்கம் வராது. சித்தெ தள்ளி நிறுத்திப்போட்டு இப்பிடி ஆசாரத்துக்கு வந்து உக்காரு. டீசல் வண்டியே எடுத்துட்டயாமா? உன்ற அம்முச்சி ஊரு பூராச் சொல்லி முடிச்சுட்டா; பால்காரன் வந்து எனக்கே சேதி சொல்றான். ரொம்பச் சந்தோசம். குடியிருக்கறது சரவணம்பட்டி, ஆபீசு கீரணத்தம். ஏசி சில்லுனு வாரதுக்குள்ள ஆபீசு கேட்டு வந்துரும். அந்தத் தூரத்துக்கு ஒண்ணே முக்கா டன்னு இரும்ப இழுத்துட்டுப் போகோணும்னா டீசல் இஞ்சின் இல்லாம ஆகுமா? நல்ல ரோசனை. யாரு குடுத்த ரோசனைன்னு கேக்கமாட்டேன். பக்கத்து சீட்டுப் பையன் வாங்கியிருப்பான்.

என்னமோ மஞ்ச வெளக்கு எரியுதுங்கறே. "பங்க்காரன் கலப்பட டீசல அடிச்சுட்டானுங்கப்பிச்சி"ன்னு அவன் தலையில பழியப் போடறே. இருக்கட்டும். வெளக்கு எரியட்டும், கரண்டு பில்லா வரப்போவுது? மோரக் குடி. வெளக்குச் சங்கதிக்குப் பொறவு வாரேன். நான் இஞ்சினீருக்குப் படிக்காதவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஏறி வடக்க போயி ஊரூராப் போர் போட்டுட்டுக் கெடந்தவன். டீசல் வாசன இல்லாத சோறு அப்பெல்லாம் எனக்குத் தொண்டையில எறங்காது. அந்தத் தகுதியில பேசறேன்னு வெச்சுக்க.

மொதல்ல, டீசல் எதுக்கு எடுத்தே? மைலேஜா? சரி. 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூவாய்க்கு மேல வித்தியாசம். வெவசாயிக்கும் லாரிக்காரனுக்கும்னு சர்க்கார் மானியம் குடுத்துத் தாங்கிப் புடிச்சிருந்துது. பங்களாக்காரனும் பெரிய கார்ல வந்து அதே மானியத்த அடிச்சுட்டுப் போனான். 2014 அக்டோபர்ல டீசல் வெலயச் சந்தைப் பாட்டுக்கு விட்டுட்டாங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல வித்தியாசம் பத்து ரூவாகூட இல்ல. மாருதிக்காரன் 2020 ஏப்ரலோட டீசல் கார் விக்கறதையே நிறுத்திப்போட்டான். அவன் ஸ்விஃப்ட்டுல வெச்சிருந்த அந்த 1.3 லிட்டர் ஃபியட் இஞ்சினு, டாட்டாவுலயும் ஓடுச்சு, ஃபியட்டுலயும் ஓடுச்சு. 'நேசனல் இஞ்சின்'னே பேர் வாங்குனது. அதையே மூட்ட கட்டி வெச்சுட்டான். விக்கறவன் வேண்டாம்னு போனதுக்கு அப்பறம், நீ தேடிப் புடிச்சு டீசல் வாங்கியிருக்கறே. கெட்டிக்காரன்.

டீசல் மட்டம்னு நான் சொல்லல. மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டறவனுக்கும், பாரம் இழுக்கறவனுக்கும் அதுக்கு ஈடே இல்ல. ருடால்ஃப் டீசல்னு ஒரு ஜெர்மன்காரரு. 1897ல ஆக்ஸ்பர்க் ஊர்ல அவரு ஓட்டிக் காட்டுன இஞ்சினு, குடுத்த சூட்டுல 26 சதவீதத்த வேலையா மாத்துச்சு. அந்தக் காலத்து நீராவி இஞ்சினுக்கு அதுல பாதி வாரதே கஷ்டம். ஸ்பார்க் ப்ளக் கெடையாது. காத்த அழுத்தற அழுத்துல அதுவே கொதிக்கும், அதுல எண்ணெயப் பீச்சுனாத் தானாப் பத்திக்கும். இன்னொண்ணு கேளு. 1900ல பாரிஸ் பொருட்காட்சியில ஒரு டீசல் இஞ்சினு கடலக்கா எண்ணெயில ஓடுச்சு. ஆமா, நம்ம கடலக்காயேதான். அதுக்காக நீ செக்குல ஆட்டுன எண்ணெயக் கொண்டுபோயி டேங்குல ஊத்தீராதே. லிட்டரு என்ன வெலன்னு உங்கம்மாளக் கேளு. இஞ்சின் போறது அடுத்த கதை. அந்த மனுசன் 1913ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனப்ப ராத்திரியோட ராத்திரியாக் காணாமப் போயிட்டாரு. உன்னாட்ட யாராச்சும் மைலேஜ் கேட்டு நச்சியிருப்பாங்களோ என்னமோ.

நாங்க ஓட்டுன பழைய இஞ்சினு எருமை. குட்டத் தண்ணியக் குடிக்கும், கெடச்சதத் திங்கும், அடிச்சாலும் கேக்காது, விட்டாலும் போகாது. துருப்புடிச்ச ட்ரம்முல வந்த டீசல, வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிகட்டி ஊத்துவோம். டீசல் தீந்து நின்னுபோச்சுன்னா, பம்புல திருகாணியக் கழட்டி ஏர் எடுத்து, ரெண்டு இழுப்பு இழுத்தாப் பொகையக் கக்கிட்டு எந்திரிச்சுக்கும். ஒரு சிலிண்டர் அடிக்கலீன்னு சந்தேகம் வந்துதுன்னு வெய்யி. ஓடீட்டிருக்கறப்பவே மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஸ்பேனரால கால் சுத்து தளர்த்துவான். எதத் தளர்த்துனாச் சத்தம் மாறலியோ, அதுதான் சீக்காளி. கண்டுபுடிச்சுட்டு ஒரு பீடி பத்த வெப்பான்.

அந்த வேலைய உன்ற வண்டியில எவனையும் செய்ய உட்டுறாதே. இப்ப வாரதெல்லாம் காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் சேத்து ஒரே கொழாய். அந்தக் கொழாய்க்குள்ள டீசல் 2000 பார் அழுத்தம் வரைக்கும் நிக்கும். உன்ற டயர்ல இருக்கறது ரெண்டேகால் பார் சொச்சம். கணக்கு நீயே போட்டுக்க, கம்ப்யூட்டருக்குத்தானே படிச்சே? ஓடற இஞ்சின்ல அந்த நட்டத் தளர்த்துனாப் பீச்சற டீசல் தோலத் தொளச்சுட்டு உள்ள போயிரும். வெரலையே எடுக்கற மாதிரி ஆயிரும். பழைய கைப்பழக்கத்துல செய்யறேன்னு ஒருத்தன் ஸ்பேனரோட வந்தான்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பீரு.

டீசல் பீச்சற ஓட்ட எம்புட்டுன்னு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரப் பத்தாக் கூறு போட்டா அதுல ஒரு கூறு. உள்ளார ஒண்ணோட ஒண்ணு ஒரசிட்டு ஓடற ஊசிக்கும் கூட்டுக்கும் நடுவால எடவெளி அதுக்கும் ரொம்ப கம்மி. அதுக்கு கிரீஸ் கெடையாது, தனி ஆயில் கெடையாது. டீசலேதான் எரியறதுக்கும், டீசலேதான் வழுக்கறதுக்கும். இங்கதான் உன்ற பங்க் சங்கதி வருது. 2020 ஏப்ரல்ல நாடு பூரா பிஎஸ்6 டீசல் வந்துது. கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம்முக்கு எறங்கிப்போச்சு. காத்துக்கு நல்லது. ஆனா கந்தகத்தப் பிரிக்கறப்ப டீசலோட வழவழப்பும் கூடவே போயிரும். அதுக்குன்னு சுத்திகரிப்பாலையில மருந்து சேத்தித்தான் அனுப்பறாங்க. அதுல ஒருத்தன் சீமெண்ணெயக் கலந்தான்னா? சீமெண்ணெ மெல்லிசு. வழுக்காது. பம்பு உள்ளாரயே இரும்புத்தூளு தேயும், அந்தத் தூளு இன்ஜெக்டருக்குப் போகும், பில்லு உனக்கு வரும். பில்லு ஆயிரத்துல வராது, லட்சத்துலதான்.

கலப்படம்னா நான் வெளையாட்டாப் பேசமாட்டேன். 2005 நவம்பர்ல, உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரிப் பக்கத்துல, மஞ்சுநாத்னு ஒரு இந்தியன் ஆயில் அதிகாரியச் சுட்டுக் கொன்னாங்க. கலப்படம் பண்ணுன பங்க்குக்கு சீல் வெச்சான், திரும்பச் சோதிக்கப் போனான், அதுதான் அவன் செஞ்ச குத்தம். கோலார் தங்கவயல்காரப் பையன், லக்னோ ஐஐஎம்ல படிச்சவன், 27 வயசு. அவன் உசுரக் குடுத்துப் பாத்த சோதனைய, நீ போனத் தடவீட்டே நின்னு கோட்ட விடறே.

என்ன சோதனையா? பங்க்குல அஞ்சு லிட்டர் அளவு கேன் இருக்கோணும், முத்திரை குத்தி. "அளந்து காட்டுப்பா"ன்னு கேக்க உனக்கு உரிமையிருக்குது. டென்சிட்டியும் அப்பிடித்தான். ஜாடியில டீசலப் புடிச்சு, ஹைட்ரோமீட்டர மெதக்க விட்டு, தெர்மாமீட்டர்ல சூடு பாத்து, 15 டிகிரிக்கு மாத்திக் கணக்குப் போட்டு, காலையில ரிஜிஸ்டர்ல எழுதுனதோட ஒப்பிடோணும். கன மீட்டருக்கு மூணு கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தாக் கேள்வி கேளு. இதுல ஒண்ணும் நீ கேக்கமாட்டே. நீ கேக்கறது எனக்குத் தெரியும்: 500க்கு அடிக்காம 510க்கு அடி, ஏன்னா ரவுண்டா அடிச்சா ஏமாத்துவாங்களாம்! மிசினுக்கு 500ஐப் பாத்தாப் பேராசை வருமா, 510ஐப் பாத்தா பக்தி வருமா? காலையில அஞ்சு மணிக்குப் போனாக் குளுந்த டீசல் எச்சா வரும்னு ஒருத்தன் வாட்ஸப்புல அனுப்புனானாமா. டேங்க் மண்ணுக்கடியில பொதச்சு வெச்சிருக்குது கண்ணு. அதுக்குக் காலையும் ஒண்ணு, மத்தியானமும் ஒண்ணு. நீ அஞ்சு மணிக்கு எந்திரிச்சா அதுவே பெரிய லாபம்னு வேணாச் சொல்லலாம்.

செய்யறதுன்னா இதச் செய்யி. ஓட்டம் இருக்கற பங்க்குலயே அடி. அங்க டீசல் தேங்கிக் கெடக்காது. டேங்கர் லாரி வந்து எறக்கீட்டிருந்தா அடுத்த பங்க்குக்குப் போ. அடியில படிஞ்சது கலங்கி நிக்கும். பேரலக் குடுத்து "சல்லிசா வருது"ங்கறவன் மூஞ்சியிலயே முழிக்காதே. பெட்ரோல் நாசில் உன்ற டேங்க் வாயில லட்சணமா நொழையும். அதனால அடிக்கறப்ப எறங்கி நின்னு "டீசல்"னு வாயத் தொறந்து சொல்லு. மாத்தி அடிச்சுட்டா சாவியத் திருப்பவே திருப்பாதே. தள்ளி ஓரமா நிறுத்தி, டேங்க எறக்கிக் கழுவச் சொல்லு. "கொஞ்சந்தானே, ஓடீரும்"னு ஸ்டார்ட் பண்ணுனவன்தான் பட்டறைக்காரன் புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறான்.

கலப்படத்தவிட எனக்குப் பயம் தண்ணி. மழக்காலத்துல பங்க் டேங்குல எறங்கும். பாதி டேங்கோட வாரக்கணக்கா நிறுத்தற வண்டியில ஈரக்காத்து வேர்த்தும் சேரும். டீசல் ஃபில்டருக்கு அடியில பாரு, தண்ணி எறக்கற திருகு ஒண்ணு பல வண்டியில இருக்கும். சர்வீசுக்கு விடறப்ப பக்கத்துல நின்னு, ஒரு கண்ணாடி பாட்டல்ல புடிக்கச் சொல்லு. ஆரஞ்சு மிட்டாயிக் கலர்ல கலங்கலா வரும். பாட்டல வெயிலுக்கு நேராத் தூக்கிப் புடிச்சுச் சித்தெ நேரம் கம்முனு இரு. தண்ணி அடியில போயி உக்காந்துக்கும், டீசல் மேல நிக்கும், நடுவால கோடு போட்டாப்புல தெரியும். கோட்டுக்குப் பக்கத்துல கருப்பா வழவழன்னு இருந்துதுன்னா அது பாசி. தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துல கிருமி வளரும். அந்தப் பாட்டலப் பாத்தவன் ஃபில்டர் மாத்தறக்குப் பேரம் பேசமாட்டான். 'ஒரிஜினல் எதுக்குங்க, இதும் அதேதான்'னு பாதி வெலைக்கு ஒண்ண நீட்டுவாங்க. வெல பாதிதான்.

அப்பறம் யூரியா. சிரிக்காதே, உன்ற வண்டியில நீல மூடி போட்ட ரெண்டாவது வாய் இருக்குதா பாரு. இருந்தா அது பொகையில வார நைட்ரஜன் வெஷத்தக் கொல்றக்கு ஊத்தற டெஃப். லாரிக்காரங்க அத யூரியான்னே சொல்றாங்க, பொய்யில்ல, 32.5 சதவீதம் சுத்த யூரியா, மிச்சம் உப்பெல்லாம் எடுத்த தண்ணி. இந்தச் சேதி கேட்ட அன்னைக்கே நம்மூட்டுப் பங்காளி ஒருத்தரு சொசைட்டி மூட்டையப் பிரிச்சுட்டு உக்காந்துட்டாரு, "எதுக்குக் காசு குடுத்து வாங்கோணும், நானே கரச்சுக்கறேன்"னு. காட்டுக்குப் போடற யூரியாவுல 2015ல இருந்து வேப்பெண்ணெ பூசித்தான் வருது. நெல்லுக்கு நல்லது, காருக்குச் சாவு. அத ஊத்துனா பொகக்கொழாய்க்குள்ள தேன்கூடாட்ட இருக்கற கண்ணெல்லாம் அடச்சுக்கும். தீர விட்டாலும் வம்பு; ஒரு அளவுக்கு மேல வண்டி கெளம்பவே கெளம்பாது. அத டீசல் டேங்குல மாத்தி ஊத்தறது இன்னும் பெரிய புத்திசாலித்தனம். செஞ்சவங்க இருக்காங்க.

ரேடியேட்டருக்கும் ஒரு வார்த்த. ஆயிரத்து இருநூறு அடி போர்ல வார நம்ம உப்புத்தண்ணிய ஊத்தாதே. சுடுதண்ணி வெக்கற போவணியில வெள்ளையாப் படிஞ்சிருக்கறதப் பாத்திருக்கறயல்ல, அது இஞ்சினுக்குள்ளயும் படியும். கம்பெனி சொன்ன கூலண்டு, அம்புட்டுத்தான். பைபாஸ்ல பறந்து வந்து நிறுத்துன ஒடனே சாவியப் புடுங்காதே. டர்போ நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தீட்டிருந்தது, ஒரு நிமிசம் ஐடில்ல விட்டு அதுக்கு ஆயில் போகட்டும். ஒரு நிமிசம் உனக்குப் பெருசு, தெரியும். ஒரு ரீல்சு பாரு, ஆயிரும்.

சரி, மஞ்ச வெளக்கு. பொகக்கொழாயில டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்குது. இஞ்சின் கக்கற கரியப் புடிச்சு வெச்சுக்கும். அதனாலதான் உன்ற வண்டிக்குப் பின்னால வாரவன் மூஞ்சி கருக்கறதில்ல. புடிச்ச கரிய அதுவே எரிச்சுக்கோணும். அதுக்கு 600 டிகிரி சூடு வேணும். அந்தச் சூடு பைபாஸ்ல வரும். சரவணம்பட்டி சிக்னல்ல வராது. சூடு பத்தலீன்னா வண்டி தானா டீசலக் கூடப் பீச்சிச் சூடு ஏத்தப் பாக்கும். அப்ப ஐடில் சித்தெ ஏறும், ஃபேன் உர்ர்னு ஓடும், காஞ்ச வாசன வரும். அது பாதி எரிச்சிருக்கறப்ப நீ கீரணத்தம் வந்து, பட்டனத் தட்டி ஆஃப் பண்ணிப்போட்டு லிஃப்டுல ஏறிருவே. சாயங்காலம் மறுக்கா அது ஆரம்பிக்கும், மறுக்கா நீ அணைப்பே. எரியாத டீசல் எங்க போகும்? சிலிண்டர் சொவுத்துல வழிஞ்சு இஞ்சின் ஆயிலுக்குத்தான் போகும்.

அதனால இப்ப எந்திரிச்சுப் போயி டிப் ஸ்டிக்க எடுத்துட்டு வா. ஆயில் கருப்பா இருக்குதுன்னு பதறாதே. டீசல் வண்டியில மாத்துன மறுவாரமே கருக்கும், கரியத் தாங்கறதுதான் அதோட வேலை. அளவு கொறஞ்சிருக்குதான்னு எல்லாரும் பாப்பாங்க. நீ ஏறியிருக்குதான்னு பாரு. மேல் கோட்டத் தாண்டியிருந்து, மோந்தா டீசல் நாத்தம் அடிச்சுதுன்னா, ஆயில் நீத்துப்போச்சு, சர்வீசு தேதிய எதிர்பாக்காம ஒடனே மாத்து. மாத்தறப்ப டிபிஎஃப் வண்டிக்குன்னு வார சாம்பல் கம்மியான ஆயிலாப் பாத்து ஊத்து. லாரி ஆயிலையும், 'ஸ்மூத்தா இருக்கும்'னு டீசல்ல கலக்கற 2டி ஆயிலையும் கிட்ட சேக்காதே. கரி எரியும், சாம்பல் எரியாது, வடிகட்டியிலயே தங்கீரும்.

பங்க்காரன் மேல தப்பில்ல கண்ணு. இந்தத் தடவ இல்ல. வெளக்கு மின்னாம நின்னு எரியுதுன்னா, வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னு ஒரு பார்வ பாத்துட்டு (ஒறையவே நீ பிரிச்சிருக்கமாட்டே), அவனாசி பைபாஸ் ஏறி, பெருமாநல்லூர், செங்கப்பள்ளி தாண்டிப் பெருந்துறை வரைக்கும் ஓட்டு. கியர் ஒண்ணு கொறச்சு, இஞ்சின் 2000 சுத்துக்கு மேல, நடுவுல டீக்கு நிறுத்தாம. பெரும்பாலும் வெளக்கு தானா அணஞ்சிரும். கூட இஞ்சின் வெளக்கும் சேந்து எரிஞ்சாலோ, வண்டி இழுக்கலீன்னாலோ நேரா சர்வீசுக்குப் போ. கம்ப்யூட்டர மாட்டி எரிப்பாங்க. "அந்த வடிகட்டிய அறுத்து எடுத்தறலாங்க, தொல்ல விட்டுது"ன்னு ஒருத்தன் காதுல ஓதுவான். அது சட்டப்படி தப்பு, வண்டி கம்ப்யூட்டரும் அப்பறம் ஒத்துக்காது, ஊருக்கெல்லாம் கரி நீ கக்குவே.

இத ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் செஞ்சாப் போதும். ஆபீசுக்கு ஸ்கூட்டர்ல போ. அடுத்த வண்டி எடுக்கறப்ப, மாசம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட மாட்டேன்னாப் பெட்ரோலே எடு. இப்ப வாங்குனத என்ன பண்ணறதுன்னா, லீவு கெடைக்காது, அரை மணி நேரமெல்லாம் ஒதுங்காதுன்னு நீ இழுக்கறது எனக்குப் புரியுது. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ. டிரைவர நான் பாத்துக்கறேன், நீ டேங்க மட்டும் ஃபுல் பண்ணிக் குடுத்துரு. உன்ற அம்முச்சி திருச்செந்தூர் போகோணும்னு ரொம்ப நாளாச் சொல்லீட்டிருக்கறா; உன்ற டிபிஎஃப்புக்கும் அந்தத் தூரந்தான் நல்லது.